கிட்டமும் காடியும்: கசடிலிருந்து இரும்பு எடுத்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை நீக்கி, கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் ராஜா கதை, போர் கதை எதுவும் கிடையாது. ஒரு கருப்புக் கல்லோட கதை. அந்தக் கல் இப்ப என் டேபிள் மேல, மைக்குக்குப் பக்கத்துலதான் இருக்கு. கைப்பிடி அளவு. உடைச்சா கண்ணாடி மாதிரி மின்னும். காந்தத்தைக் கிட்ட கொண்டு போனா சில இடத்துல ஒட்டும், சில இடத்துல ஒட்டாது.

இதை எனக்குக் கொடுத்தவன் என் காலேஜ் நண்பன். வில்லியனூர்க்காரன். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணான். "மச்சான், நீ கோடு அடிச்சே கிழவனாகப் போற. நான் தொழில் ஆரம்பிக்கப் போறேன்"னான். விஷயம் இதுதான்: ஸ்கிராப்பை உருக்கிக் கம்பி போடற ஆலைகள்ல மிச்சமாகிற கசடு, அதாவது ஸ்லாக், லோடு லோடா வெளிய வருது. பள்ளம் நிரப்பப் போடறாங்க, மண் ரோட்டுல கொட்டறாங்க. அந்தக் கசடுல இன்னும் இரும்பு இருக்கு. காஸ்டிக் சோடா ஆலைகள்ல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் உபரியா, மலிவா கிடைக்குது. கசடை அரைச்சு ஆசிட்ல போட்டா இரும்பு கரைஞ்சு வந்துடும். "சும்மா கிடக்கறதுலேருந்து காசுடா. யாருக்குமே தோணல பாரு"ன்னான்.

யாருக்குமே தோணலன்னு யாராவது சொன்னா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும். அதுவும் முதலீட்டுக்கு அவன் அப்பாவோட ஒன்றரை காணி நிலத்தை அடமானம் வைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும், இது வெறும் அரட்டையா இல்லாம போயிடுச்சு. அவன் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு: "கணக்கு சரியான்னு பாரு." நான் கணக்கைப் பார்க்கறதுக்கு முன்னாடி வரலாற்றைப் பார்த்தேன். அதுதான் இந்த எபிசோடு.

ஆயா சொன்ன வார்த்தை

முதல்ல இந்தக் கல்லைப் பாகூருக்கு எடுத்துட்டுப் போய் என் ஆயாகிட்ட காட்டினேன். கையில வாங்கி உருட்டிப் பார்த்துட்டு, "இது கிட்டம்டா. கொல்லன் உலைக் கிட்டம்"னாங்க. நான் யூடியூப்ல ஒரு வாரமா ஸ்லாக், ஸ்லாக்னு தேடிட்டிருந்த பொருளுக்கு, எங்க வீட்லயே ஒரு தமிழ் வார்த்தை இருந்திருக்கு.

அதோட விடல. "பழைய கிட்டத்த வைத்தியருங்க வாங்கிட்டுப் போவாங்க. ரத்தம் இல்லாம வெளுத்துப் போனவங்களுக்கு மருந்து செய்ய"ன்னாங்க. இந்த ஒரு வரியை மனசுல வெச்சுக்கோங்க. கடைசியில இங்கதான் திரும்பி வருவோம்.

பழைய கிட்டத்துல ஏன் இவ்வளவு இரும்பு?

தமிழ்நாட்டுல இரும்பு எவ்வளவு பழசுங்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளையில் கிடைத்த காலக்கணிப்புகளை வைத்து, இங்கே இரும்பின் பயன்பாடு 5,300 ஆண்டுகளுக்கு முந்தையது என்றது. நம்ம ஊர்ப் பக்கமே பார்த்தா, 1940-களின் இறுதியில் அரிக்கமேட்டைத் தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர் கசால், மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இருக்கிற சுத்துக்கேணியின் ஈமக்காட்டையும் ஆராய்ந்தார். மேற்கே கொஞ்சம் தள்ளிப் போனால், பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் மேல்சிறுவளூர். அங்கே உருக்கு செய்த மூசைகளின் எச்சங்களை அடையாளம் கண்டு 1990-களில் எழுதியவர் சாரதா சீனிவாசன். உலகம் 'வூட்ஸ்' என்று பேர் வைத்துக் கொண்டாடிய உருக்கு அதுதான்.

ஆனா அந்தக் காலத்து உலை நம்ம கற்பனையில இருக்கிற மாதிரி இரும்பை உருக்கி ஊத்தல. இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேணும். மண் உலையும் துருத்தியும் சுமார் 1,200 டிகிரிதான் தாண்டும். அந்தச் சூட்டுல இரும்பு உருகாது. பஞ்சு மாதிரி ஒரு கட்டியாகத் திரளும். உருகி ஓடறது கசடு மட்டும்தான். தாதுவில் இருக்கிற மணல், அதாவது சிலிக்கா, தானா அந்தச் சூட்டில் உருகாது. அதை உருக வைக்க இரும்பு ஆக்சைடே போய்ச் சேரணும். ரெண்டும் சேர்ந்து உண்டாகும் கனிமத்துக்குப் பேர் ஃபயலைட். அதோட எடையில் சுமார் 55 சதவீதம் இரும்பு. அதாவது கொல்லர் ஒரு பங்கு இரும்பை எடுக்க, இன்னொரு பங்கைக் கசடுக்கு வட்டியா கட்டியிருக்கார்.

பின்னாடி வந்த பெரிய ஊதுலைகள் இந்த வட்டியை நிறுத்தின. எப்படின்னா, இரும்புக்குப் பதிலா சுண்ணாம்பைச் சிலிக்காவுக்குக் கொடுத்து ஏமாத்தின. சிலிக்கா சுண்ணாம்போட போயிடும், இரும்பு தப்பிச்சுடும். நல்ல ஊதுலையின் கசடில் இரும்பு 1 சதவீதத்துக்கும் கீழ். இந்தச் சுண்ணாம்பு பின்னாடி நமக்கு வில்லனா வரப்போகுது. ஞாபகம் வெச்சுக்கோங்க.

அப்போ பழைய கசடைத் திரும்பப் பயன்படுத்தணும்னு யாருக்கும் தோணலையா? தோணிச்சு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டீன் காட்டுப் பகுதியில், ரோமானியர் விட்டுப்போன கசடுக் குவியல்களைத் தோண்டிப் புது ஊதுலைகளில் போட்டு உருக்கினார்கள். இத்தாலியின் பொப்புலோனியா கடற்கரையில் எட்ரூஸ்கர்களின் கசடு மலையாகக் கிடந்தது. 20ஆம் நூற்றாண்டில் அதை அள்ளி ஆலைகளுக்கு அனுப்ப அனுப்ப, அடியில் அவர்களின் கல்லறைகள் வெளியே வந்தன. கசடுதான் அவற்றை அத்தனை நூற்றாண்டு மூடி வைத்திருந்தது.

கவனிச்சீங்கன்னா, ரெண்டு இடத்துலயும் ஆசிட் இல்ல. முன்னைவிடச் சூடான உலை, அவ்வளவுதான். கசடு மாறல, நெருப்பு மாறுச்சு.

பரங்கிப்பேட்டையில் தோத்த மனுஷன்

இனி நம்ம கடற்கரைக்கு வருவோம். பாகூர்லேருந்து கடலூர் தாண்டித் தெற்கே போனா பரங்கிப்பேட்டை. பிரியாணிக்கும் மீனுக்கும் போயிருப்பீங்க. இந்தியாவில் ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு செய்யப் பார்த்த முதல் முயற்சிகளில் ஒன்று அங்கேதான் நடந்தது.

ஜொசையா மார்ஷல் ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நிர்வாகத்தில் அதிகாரி. சேலம் பக்கத்துத் தாது எவ்வளவு சுத்தமானது, உள்ளூர்க்காரர்கள் சின்ன உலையில் எவ்வளவு நல்ல உருக்கு செய்கிறார்கள் என்று பார்த்தவர். வேலையை விட்டார். இங்கிலாந்து போய்த் தொழிலைப் படித்தார். 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஆலையைத் தொடங்கினார். நம்ம பாஷையில சொன்னா, அரசு வேலையை விட்டு ஸ்டார்ட்-அப் ஆரம்பிச்ச ஆளு. 1833-இல் அது போர்ட்டோ நோவோ ஸ்டீல் அண்ட் அயர்ன் கம்பெனி ஆனது.

இரும்பு நல்லாவே வந்துச்சு. இங்கிலாந்துக்குக் கப்பல்ல போச்சு. ஆனா நிறுவனம் நஷ்டத்துலேருந்து வெளிய வரவே இல்ல. முக்கியமான காரணம், கரி. இங்கே நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். ஆலை பசியோட நிக்கும்; காடு தூரமாப் போயிட்டே இருக்கும். தாது இருக்கிற இடம் உள்நாட்டில், உலை கடற்கரையில். 1853-இல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி கையில் எடுத்தது. 1870-களுக்குள் அந்தக் கதையும் முடிந்தது.

ஹீத் அதற்குள் ஷெஃபீல்டு போய்விட்டார். உருக்கு செய்யும்போது மாங்கனீஸ் சேர்த்தால் தரம் கூடும் என்று 1839-இல் காப்புரிமை வாங்கினார். அவர் சொன்னது மாங்கனீஸும் கரியும் சேர்ந்த ஒரு கலவை. அன்வின் என்பவர், அந்தக் கலவையைத் தனியாகச் செய்யாமல் மாங்கனீஸ் ஆக்சைடையும் தாரையும் நேரே மூசைக்குள் போட்டார். விளைவு ஒன்றுதான், ஆனால் செலவு குறைவு, காப்புரிமைக்கும் வெளியே. வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஹீத் 1851-இல் இறந்தார். ஷெஃபீல்டுக்கே லாபம் கொடுத்த யோசனை, யோசித்தவருக்குக் கொடுத்தது கடன்தான்.

இதை நண்பன்கிட்ட சொன்னப்போ, "என்னடா, பயமுறுத்தறியா?"ன்னான். இல்ல. ஹீத்தைத் தோக்கடிச்சது இரும்பு இல்ல. இரும்பை எடுக்கக் கூடச் செலவான பொருள். அவருக்குக் கரி. உனக்கு?

இப்ப கணக்கு

சரி, பேப்பரை எடுங்க. பெரிய எஃகு ஆலைகளில் உருகிய இரும்புக்குள் ஆக்சிஜன் ஊதி எஃகு செய்கிறார்கள். அப்போது கொஞ்சம் இரும்பும் எரிந்து கசடுக்குப் போய்விடும். அந்தக் கசடில் சுமார் 20 சதவீதம் இரும்பும், 40 முதல் 50 சதவீதம் சுண்ணாம்பும் இருப்பது சாதாரணம். 1 டன் எடுத்துக்குவோம்: 200 கிலோ இரும்பு, 450 கிலோ சுண்ணாம்பு.

ஆசிட் ஊத்தினா அது முதல்ல யாரைத் தேடிப் போகும்? சுண்ணாம்பைத்தான். பள்ளிக்கூட வேதியியல்: ஆசிடும் காரமும் கண்ட உடனே கட்டிப் பிடிச்சுக்கும். 450 கிலோ சுண்ணாம்பைக் கரைக்க, கடையில் கிடைக்கிற 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுமார் 1.8 டன் வேணும். இரும்புக்கு 0.8 டன் போதும். அதாவது 200 கிலோ இரும்புக்காக 2.6 டன் ஆசிட். அதில் மூணில் ரெண்டு பங்குக்கு மேல் சுண்ணாம்புக்கே போயிடுது. ஊதுலையில் இரும்பைக் காப்பாத்தின அதே சுண்ணாம்பு இங்க நம்ம பர்ஸைக் காலி பண்ணுது.

ஆசிட் கிட்டத்தட்ட ஓசியிலயே கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். அப்பவும், ஒவ்வொரு டன் கசடுக்கும் 890 கிலோ கால்சியம் குளோரைடு கரைசலா நிக்கும். அதை எங்க கொட்டுவ? வில்லியனூரைச் சுத்திச் சங்கராபரணி. பாகூர் பக்கம் பங்காரு வாய்க்கால், ஏரி, நெல் வயல். உப்பு ஏறின நிலத்தடி நீர் என்ன பண்ணும்னு கடலோரத்து விவசாயிக்கு நாம பாடம் எடுக்க வேண்டாம்.

இங்க நண்பன் ஒரு நல்ல பாயின்ட் சொன்னான். "இது பெரிய ஆலைக் கசடு. நம்ம பக்கத்துல இருக்கறது இண்டக்ஷன் ஃபர்னஸ் கசடு. அதுல சுண்ணாம்பு கம்மி." சரியான பேச்சு. இண்டக்ஷன் உலையின் உள்பூச்சு பெரும்பாலும் சிலிக்கா. அதனால கசடுலயும் சிலிக்கா அதிகம். வேதியியல்படி அது நம்ம கொல்லன் உலைக் கிட்டத்துக்குத்தான் நெருங்கின சொந்தம். அதனாலதான் ஆயாவுக்குப் பார்த்த உடனே தெரிஞ்சது.

ஆனா சிலிக்காவுக்கு வேற ஒரு குணம். இரும்போட கட்டுண்டு கிடக்கிற சிலிக்கா, ஆசிட்ல அவிழ்ந்து வரும்போது மணலா அடியில உக்காராது. கரைஞ்சு, கொஞ்ச நேரத்துல ஜெல்லி மாதிரி உறையும். வடிகட்டி அடைச்சுக்கும், டேங்க் முழுக்க கூழ். இன்னொண்ணு: அந்தக் கசடுல நிஜமான உலோகமா இருக்கிற இரும்பு மணிகளை எடுக்க ஆசிடே வேண்டாம். உடைச்சு, காந்தம் வெச்சா போதும். அதை ஏற்கெனவே பண்றாங்க. அப்போ ஆசிடுக்கு மிச்சமிருக்கறது, எடுக்கக் கஷ்டமான இரும்பு மட்டும்தான்.

கிலோ 30 ரூபாய்னு பழைய இரும்புக் கடை விலையைப் போட்டுப் பார்த்தா, 200 கிலோவுக்கு 6,000 ரூபாய். அரைக்கிற கரண்ட், ஆசிட் தாங்கற டேங்க், கழிவு நீர்ச் சுத்திகரிப்பு, பாதுகாப்பு எல்லாம் இதுக்குள்ள அடங்கணும். அடங்காது. நண்பன் ரொம்ப நேரம் பேசாம இருந்தான்.

ஆனா இதைப் பண்ணவங்க இருக்காங்க

எபிசோடு இங்கேயே முடிஞ்சிருக்கணும். ஆனா தேடிட்டே இருந்தப்ப ரெண்டு விஷயம் கிடைச்சுது.

ஒண்ணு, தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரம். அங்கே டிசிடபிள்யூ ஆலையில், கடற்கரை மணலில் கிடைக்கிற இல்மனைட்டை ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் போடுகிறார்கள். இல்மனைட் என்பது இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனிமம். இரும்பு கரைந்து வெளியே வரும். டைட்டேனியம் பெரும்பாலும் திடப்பொருளாகவே நிற்கும். சுண்ணாம்புத் தொல்லை இல்லை. காஸ்டிக் சோடா அதே வளாகத்தில் செய்வதால் ஆசிடும் கைக்கெட்டும் தூரத்தில். மிஞ்சுவது இரும்பு கரைந்த திரவம். அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை: அதிலிருந்து இரும்பு ஆக்சைடு நிறமி. மஞ்சள், சிவப்பு. தரைக்கும் பெயின்டுக்கும் போகிற நிறம்.

இரும்பை இரும்பா விக்கல. நிறமா விக்கறாங்க.

ரெண்டாவது விஷயம் என்னைப் புதுச்சேரிக்கே திருப்பிக் கொண்டு வந்துச்சு. 1734 வாக்கில், பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் உட்கார்ந்து, சீலையில் ஓவியம் தீட்டுகிறவர்கள் வேலை செய்வதைக் கூடவே இருந்து குறிப்பெடுத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துணித்துண்டு சேகரித்தார். அந்தக் கையெழுத்துப் படியும் துணிகளும் இன்றும் பாரிஸில் இருக்கின்றன. 1742-இல் கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியாரும் இதே தொழிலைப் பற்றிக் கடிதம் எழுதினார். ஐரோப்பாவுக்கு இந்தத் துணி மேல் அவ்வளவு வெறி. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் அங்கேயே செய்துகொள்ளலாமே! இன்றைய பாஷையில் இதுக்குப் பேர் ரிவர்ஸ் இன்ஜினியரிங். நம்ம கைவினைஞர்களுக்கு அதுக்காக யாரும் ராயல்டி கொடுக்கல.

அந்தத் தொழிலில் கருப்புக் கோடு எப்படி வருது? இரும்புத் துண்டையோ, துருவையோ, கிட்டத்தையோ எடுத்து வெல்லத் தண்ணியிலோ புளிச்ச கஞ்சியிலோ கள்ளிலோ ஊறப் போடணும். நாள் கணக்கில் புளிக்கும். புளிப்பில் அசிட்டிக் அமிலம் உண்டாகும். நம்ம ஊர்ல இந்த மாதிரி புளிச்ச நீருக்குக் காடின்னு பேர். அந்த அமிலம் மெதுவா இரும்பைக் கரைக்கும். கடுக்காயிலும் எருமைப் பாலிலும் தோய்த்துக் காய வைத்த துணி மேல் அந்தத் திரவத்தால் கோடு இழுத்தால், இரும்பும் கடுக்காய்த் துவர்ப்பும் சேர்ந்து அழியாத கருப்பு. காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் இன்றும் இதைக் கசிம்காரம் என்கிறார்கள்.

யோசிச்சுப் பாருங்க. புளிச்ச காடியில் இரும்பைக் கரைச்சு எடுக்கறது. இது அமிலக் கரைப்பு இல்லாம வேற என்ன? என் நண்பனுக்கு முன்னாடி யாருக்குமே தோணலன்னு சொன்ன விஷயத்தை, அதே மண்ணுல, சுமார் 290 வருஷம் முன்னாடியே பானையில பண்ணிட்டிருந்தாங்க.

இப்ப ஆயாவோட வரிக்கு வருவோம். சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் பழைய இரும்புக் கிட்டத்துக்கு மண்டூரம் என்று பேர். நூறு ஆண்டு பழசு என்றால் உயர்ந்தது, எண்பது நடுத்தரம், அறுபது கடை என்று பழைய மரபு தரம் பிரிக்கிறது. பழுக்கக் காய்ச்சி, கோமியத்தில் தோய்த்து, திரும்பத் திரும்பச் சுத்தி செய்து, இரத்தக் குறைவான பாண்டு நோய்க்கு மருந்தாக்கினார்கள். மண்டூராதி அடைக்குடிநீர் இன்றும் சித்த மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அன்னபேதி என்று சொல்கிற இரும்பு சல்பேட்டை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் புடம் போடுவதும் இதே குடும்பத்து வேலை. தயவு செஞ்சு இதைக் கேட்டுட்டு யாரும் ரோட்டுக் கசடை எலுமிச்சையில ஊற வெக்காதீங்க. இன்னைக்கு ஸ்கிராப் கசடுல குரோமியம், ஈயம்னு என்னென்ன இருக்கும்னு அந்த நூல்களுக்குத் தெரியாது.

எல்லாத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா ஒரு விஷயம் புரியுது. தமிழர் நெருப்பை வெச்சு இரும்பு எடுத்தப்ப அது கலப்பையாச்சு, வாளாச்சு. புளிப்பை வெச்சு எடுத்தப்ப அது சீலையில நிறமாச்சு, இல்ல உடம்புக்கு மருந்தாச்சு. சாகுபுரமும் அதே வழியிலதான் போயிருக்கு. ஆசிட் விலை உயர்ந்த வேலைக்காரன். அவனை வெச்சுக் கிலோ 30 ரூபாய் பொருள் செஞ்சா கட்டுப்படியாகாது. நான் காலேஜ் லேப்ல சர்க்யூட் போர்டு அரிக்கிறதுக்கு ஊத்தின அந்தக் காபி நிறத் திரவம், ஃபெரிக் குளோரைடு, அதுவும் ஆசிட்ல இரும்பு கரைஞ்சு உண்டானதுதான். சட்டையில அந்தக் கறை இன்னும் போகல.

கடைசியா

இதையெல்லாம் நண்பன்கிட்ட சொன்னேன். "அப்போ நிறமி பண்ணலாமா?"ன்னு உடனே கேட்டான். பண்ணலாம், ஆனா கசடுல கூட இருக்கிற மாங்கனீஸும் குரோமியமும் நிறத்தைக் கெடுக்கும். பிரிச்செடுக்கறதே தனித் தொழில். முதல்ல ஒரு கிலோ கசடை ஆய்வுக்கூடத்துல கொடுத்து உள்ளே என்னென்ன, எவ்வளவுன்னு பாரு. அதுக்கு ஆகற செலவுக்கு நிலப் பத்திரம் தேவைப்படாது.

போன வாரம் வில்லியனூர் போயிருந்தேன். அவங்க அப்பா டீ கொடுத்துட்டு, "என்ன தம்பி, கணக்கு என்ன சொல்லுது?"ன்னு கேட்டார். "பத்திரம் பீரோவுலயே இருக்கட்டும்பா"ன்னேன். அவர் சிரிச்சார். நண்பன் சிரிக்கல, ஆனா மூணு ஆலைக் கசடை மூணு கவர்ல போட்டு, பேர் எழுதி, லேபுக்கு அனுப்ப ரெடியா வெச்சிருந்தான். பொலியூ துணித்துண்டு சேர்த்த மாதிரி. ஹீத்துக்கு இல்லாத பொறுமை இவனுக்கு வந்துடுச்சுன்னு நினைக்கறேன்.

உங்க ஊர்ல, வயல்லயோ ஏரிக்கரையிலயோ கொல்லன் உலைக் கிட்டம் கிடைக்குதா? எடுத்துட்டு வராதீங்க. அது கிடந்த இடம்தான் அதோட வரலாறு. ஒரு போட்டோ எடுத்து, ஊர் பேரோட அனுப்புங்க. உங்க வீட்டுப் பெரியவங்க அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்கன்னும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.